வெயிலிலும் வறட்சியிலும் வேர்ப்புழுவுக்கு நூற்புழு விடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஆடி மாதம் கரும்புத் தோட்டத்தில் அங்கங்கே திட்டுத் திட்டாகப் பயிர் மஞ்சளடிக்கும். தண்ணீர் பற்றவில்லை என்று நினைத்து ஒரு மடை கூடுதலாகப் பாய்ச்சுவோம். பத்து நாளில் தோகை காய்ந்துவிடும். தூரைப் பிடித்து இழுத்தால் வேரே இல்லாமல் கையோடு வரும். அடியில் மண்ணைக் கிளறினால் வெள்ளை உடம்பும் பழுப்புத் தலையுமாகக் கொக்கி போல வளைந்து ஐந்தாறு வேர்ப்புழுக்கள் கிடக்கும். அந்த நேரத்தில் ஊற்றுகிற மருந்து பெரும்பாலும் புழு இருக்கும் ஆழத்துக்குப் போய்ச் சேருவதே இல்லை.

மண்ணுக்குள் தானே நகர்ந்து போய்ப் புழுவைத் தேடிக் கொல்லும் ஒன்று இருக்கிறது. அதுதான் பூச்சிகளைத் தாக்கும் நூற்புழு. கோடை வெயிலும் வறண்ட மண்ணும் உள்ள நம் தோட்டத்தில் அதை உயிரோடு வேர் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி என்பதைப் படிப்படியாக எழுதுகிறேன். கரும்பை வைத்துச் சொல்கிறேன். பாக்கு, தென்னை, நிலக்கடலைக்கும் இதே முறைதான், அளவு மட்டும் மாறும்.

முதலில் ஒரு குழப்பம் தீரட்டும்

நூற்புழு என்றதும் வாழையிலும் தக்காளியிலும் வேரில் முடிச்சுப் போடும் நூற்புழுதான் நினைவுக்கு வரும். "அதையே காசு கொடுத்து வாங்கித் தோட்டத்தில் விடச் சொல்கிறீர்களா?" என்று என்னிடம் கேட்காத விவசாயி குறைவு. இரண்டும் வேறு வேறு. இது செடியைத் தொடாது. மண்புழுவுக்கோ மாட்டுக்கோ நமக்கோ கெடுதல் இல்லை. பட்டுப்புழு வளர்ப்பவர்கள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். பட்டுப்புழுவும் பூச்சியினம்தானே. வளர்ப்பு மனைக்குப் பக்கத்திலும் அறுவடைக்கு வந்த மல்பெரியிலும் இதைத் தெளிக்காதீர்கள்.

இது வேலை செய்யும் விதம் தெரிந்தால்தான் பின்னால் வரும் படிகளுக்கெல்லாம் காரணம் புரியும். அரை மில்லிமீட்டர் நீளமே உள்ள இளம்புழு, மண் துகள்களைச் சுற்றியிருக்கும் மெல்லிய நீர்ப்படலத்தில் நீந்திப் போகும். வேர்ப்புழுவைக் கண்டதும் வாய், ஆசனவாய், மூச்சுத்துளை என்று கிடைத்த வழியில் உள்ளே நுழையும். இந்த நூற்புழுக்களில் ஹெட்டிரோராப்டைடிஸ் என்ற வகைக்குத் தலையில் ஒரு சிறு பல் உண்டு. தோல் மெல்லியதாக இருக்கும் இடத்தை அதனால் கிழித்தும் நுழையும். உள்ளே போனதும் தன் குடலில் சுமந்து வந்த பாக்டீரியாவை வெளியே விடும். புழுவைக் கொல்வது பெரும்பாலும் அந்த பாக்டீரியாதான், ஒன்றிரண்டு நாளில் கதை முடிந்துவிடும். செத்த உடலுக்குள்ளேயே நூற்புழு பெருகி, பத்துப் பன்னிரண்டு நாளில் புதிய இளம்புழுக்கள் வெளியே வந்து அடுத்த புழுவைத் தேடும்.

வெளியே திரியும் அந்த இளம்புழு எதையும் தின்னாது, உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பில்தான் வாழும். சூடு ஏற ஏற அந்தக் கொழுப்பு வேகமாகக் கரையும். நீர்ப்படலம் வற்றினால் நகர முடியாது. நேர் வெயில் பட்டால் புற ஊதாக் கதிரில் சில நிமிடங்களிலேயே செயலிழக்கும். காற்றில்லாமல் அடைத்து வைத்தால் மூச்சு முட்டிச் சாகும். சூடு, வறட்சி, வெயில், மூச்சு ஆகிய இந்த நான்கையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இது புட்டியில் அடைத்த மருந்து மாதிரி இல்லை. குளத்தில் விட வாங்கி வரும் மீன்குஞ்சை எப்படிப் பத்திரமாகக் கொண்டு வருவோமோ அப்படித்தான் இதையும் கொண்டு வர வேண்டும்.

படி 1: நம் வெயிலைத் தாங்கும் வகையைத் தேர்ந்தெடுப்பது

இந்த நூற்புழுக்களில் ஸ்டைனர்நீமா, ஹெட்டிரோராப்டைடிஸ் என்று இரண்டு பேரினங்கள்தான் முக்கியமாகப் பயன்படுகின்றன. 1929-ல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஜப்பானிய வண்டின் புழுக்களில் கண்டுபிடித்து, பிறகு முதன்முதலில் களத்தில் விட்டுப் பார்த்தது ஸ்டைனர்நீமா வகையைத்தான். அதன் பல இனங்கள் குளிர்நாட்டைச் சேர்ந்தவை. நமக்கு ஏற்றது ஹெட்டிரோராப்டைடிஸ் இண்டிகா. கோயம்புத்தூரில் கரும்புக் குருத்துப் புழுவிலிருந்து எடுத்து, 1992-ல் புதிய இனம் என்று அறிவியல் உலகுக்கு விவரிக்கப்பட்டது இது. இந்த மண்ணிலேயே பிறந்தது என்பதால் 30, 32 டிகிரியிலும் சுறுசுறுப்பாக இருக்கும். 35-ஐத் தாண்டினால் இதற்கும் சிரமம்தான்.

வெயிலைத் தாங்குவதோடு இன்னொரு காரணமும் உண்டு. ஸ்டைனர்நீமா கார்போகாப்சே மண்ணின் மேற்பரப்பில் வால் நுனியில் நின்றபடி இரைக்குக் காத்திருக்கும். வெட்டுப்புழு மாதிரி மேலே ஊர்ந்து திரிவதற்கு அது நல்லது. வேர்ப்புழு ஆழத்தில் அசையாமல் கிடப்பது. அதற்குத் தேடிப் போகும் குணமுள்ள ஹெட்டிரோராப்டைடிஸ்தான் வேண்டும்.

பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் இண்டிகா வகையை நனையும் தூளாகத் தயாரிக்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. எங்கே கிடைக்கும் என்பதைப் பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள். வாங்கும்போது பாக்கெட்டில் மூன்றைப் பாருங்கள்: இனத்தின் பெயர், தயாரித்த தேதி, மொத்த எண்ணிக்கை. எத்தனை கிலோ என்பது முக்கியமில்லை, அதில் எத்தனை கோடி உயிர் இருக்கிறது என்பதே கணக்கு.

படி 2: காலம் பார்ப்பது

கோடை மழை விழுந்த அன்று மாலை, இருட்டும் நேரத்தில் வேர்ப்புழுவின் தாய் வண்டுகள் மண்ணிலிருந்து கிளம்பி வேம்பு, முருங்கை, இலந்தை மரங்களில் மொய்க்கும். அதிலிருந்து கணக்குப் போடுங்கள். முட்டை பொரித்து, புழு சிறிதாக வேரின் மேல்பகுதியிலேயே இருக்கும் அடுத்த ஆறு முதல் எட்டு வாரம்தான் நமக்கு வாய்ப்பு. ஆவணி, புரட்டாசியில் புழு முற்றிய பிறகு விட்டால் பலன் பாதியாகக் குறையும். முற்றிய புழுவுக்குத் தோலும் எதிர்ப்பும் கூடுதல், ஆழத்துக்கும் போய்விடும்.

வண்டு மொய்க்கும் மரத்தை இரவில் உலுக்கி, விழும் வண்டுகளை மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போடும் பழைய வேலையை விட்டுவிடாதீர்கள். முட்டையிடப் போகும் வண்டு குறைந்தால் நூற்புழுவுக்கு வேலை எளிதாகும்.

படி 3: கொண்டு வருவதும் வைத்திருப்பதும்

எனக்கு முதல் முறை தோற்றுப்போனது இங்கேதான். சித்திரைக் கடைசியில் நடுப்பகலில் பாக்கெட்டுகளை வண்டிப் பெட்டிக்குள் போட்டு, வழியில் இரண்டு வேலைகளை முடித்துவிட்டு மூன்று மணி நேரம் கழித்துத் தோட்டத்துக்கு வந்தேன். அன்று மாலையே விட்டோம். ஒரு புழுகூடச் சாகவில்லை. மிச்சமிருந்த தூளைப் பிறகு கரைத்து லென்ஸில் பார்த்தபோது எல்லாம் நேர்க்கோடாக, அசைவில்லாமல் கிடந்தன. வெயிலில் நின்ற பெட்டி அடுப்பாக மாறியிருக்கிறது.

இப்போது நான் செய்வது இது. ஒரு தெர்மாகோல் பெட்டி, அதில் செய்தித்தாளில் நன்றாகச் சுற்றிய ஒரு பனிக்கட்டிப் புட்டி, நடுவே ஒரு சாக்குத்துணி மடிப்பு, அதன் மேல் பாக்கெட். பனிக்கட்டி பாக்கெட்டில் நேராகப் படக்கூடாது. மூடியில் இரண்டு துளை போட்டுக் காற்றுக்கு வழி விடுகிறேன். விடியற்காலையில் போய் வாங்கி வந்துவிடுகிறேன்.

வீட்டுக்கு வந்ததும் "பிரிட்ஜில் வையுங்கள்" என்று சிலர் சொல்வார்கள். குளிர்நாட்டு ஸ்டைனர்நீமாவுக்கு 5 முதல் 10 டிகிரி சரி. இண்டிகாவுக்கு அந்தக் குளிர் ஆகாது. அதற்கு 15 டிகிரி வாக்கில் இருப்பது நல்லது. அந்த வசதி நம் வீட்டில் இல்லை என்றால் வாங்கிய அன்றே விட்டுவிடுவதுதான் வழி. மண்ணைத் தயார் செய்து வைத்துவிட்டு வாங்கப் போங்கள், வாங்கி வைத்துவிட்டு மடைக்குக் காத்திருக்காதீர்கள்.

படி 4: உயிர் இருக்கிறதா என்று பார்ப்பது

பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், நகைக்கடைக்காரர் வைத்திருப்பது போல. சிட்டிகைத் தூளை ஒரு கரண்டி தண்ணீரில் கரைத்து, கறுப்புத் தட்டில் ஊற்றி, நிழலில் அரை மணி நேரம் விடுங்கள். குளிரிலிருந்து வந்த உடனே பார்த்தால் உயிருள்ளதும் அசையாமல் கிடந்து ஏமாற்றும். அரை மணி கழித்து வளைந்து நெளிந்தால் உயிர் இருக்கிறது. ஊசி போல நேராகக் கிடந்து, துரும்பால் தொட்டாலும் அசையாவிட்டால் செத்துவிட்டது.

எண்ணிக்கையையும் சரிபார்க்கலாம். 100 கோடி என்று போட்டிருக்கும் மொத்தத்தை 10 லிட்டரில் கரைத்தால் மில்லிக்கு ஒரு லட்சம் இருக்க வேண்டும். நன்றாகக் கலக்கி அதில் 1 மில்லி எடுத்து 1 லிட்டராக்குங்கள். இப்போது மில்லிக்கு 100. ஊசிக்குழாயில் ஒரு மில்லி எடுத்துத் தட்டில் விட்டு எண்ணுங்கள். ஐந்து முறை எண்ணிச் சராசரி எடுங்கள். 80, 90 வந்தால் நல்ல சரக்கு. 40 வந்தால் இரண்டு மடங்கு போட வேண்டும், அல்லது திருப்பிக் கொடுக்க வேண்டும்.

படி 5: மண்ணைத் தயார் செய்வது

முழு வேலையில் பாதி இதுதான். இதற்குச் செலவிடும் நேரத்தை நான் வேறு எதற்கும் செலவிடுவதில்லை.

வெறும் நிலத்தின் மேல்மண் கோடை உச்சியில் 50 டிகிரியைத் தாண்டும். அந்த மண்ணில் நூற்புழுவை விடுவது சுடுகல்லில் தெளிப்பது மாதிரி. அதே வயலில் சோகை மூடாக்குக்கு அடியில் கை வைத்துப் பாருங்கள், குளிர்ச்சி தெரியும். கரும்பில் உரித்த சோகையைக் கொளுத்தாமல் வரிசைக்கு இடையில் பரப்பி வைத்தவர்களுக்கு நூற்புழு நன்றாக நிலைக்கிறது.

இதற்கு வெறும் குளிர்ச்சி மட்டும் காரணமில்லை. மண் திடீரென்று காய்ந்தால் நூற்புழு செத்துவிடும். மெல்ல மெல்லக் காய்ந்தால் உடம்பில் டிரெஹலோஸ் என்ற ஒருவகைச் சர்க்கரையைச் சேர்த்துக்கொண்டு, சுருங்கி, உறக்கம் போன்ற நிலைக்குப் போகும். மறுபடி ஈரம் கிடைத்ததும் எழுந்துகொள்ளும். மூடாக்கு செய்வது அந்த மெல்லக் காயும் அவகாசத்தைக் கொடுப்பதுதான். மடைக்கும் மடைக்கும் நடுவே எட்டு, பத்து நாள் இடைவெளி விழுகிற தோட்டத்தில் இந்த வித்தியாசம்தான் பிழைப்பதையும் சாவதையும் முடிவு செய்கிறது.

விடுவதற்கு முதல் நாள் ஒரு மடை பாய்ச்சுங்கள். மறுநாள் வேர் ஆழத்து மண்ணை எடுத்துக் கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் கசியக் கூடாது. சேறாகத் தேங்கி நின்றாலும் கெடுதல், அங்கே மூச்சுக்குக் காற்று இருக்காது. மணல் கலந்த செம்மண் இதற்கு மிக வசதியானது. களிமண்ணும் கரிசலும் இடுக்கு குறைந்தவை, நூற்புழு அதிக தூரம் போகாது. அங்கே தூரைச் சுற்றிக் கடப்பாரையால் அரையடிக் குழிகள் போட்டு அதில் ஊற்றுவது நல்லது.

உப்புத் தண்ணீர் ஏறும் போர்வெல் உள்ளவர்கள் கரைப்பதற்காவது மழைநீரோ வாய்க்கால் தண்ணீரோ கொண்டு வாருங்கள். உப்பு நூற்புழுவின் உடம்பு நீரை இழுத்துவிடும். ஒரு நல்ல மழை பெய்து உப்பு கரைந்து இறங்கிய பிறகு விடுவது இன்னும் நல்லது.

யூரியா, பச்சைச் சாணம் எதையும் விடுவதற்கு முன்னும் பின்னும் இரண்டு வாரத்துக்கு அந்த வரிசையில் போடாதீர்கள். நூற்புழுக்கொல்லி என்று விற்கும் குருணைகளும், வேர்முடிச்சுக்காகப் போடும் பர்ப்யூரியோசிலியம் பூஞ்சையும் இதோடு சேராது. பூச்சியைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சை சேரும், வேர்ப்புழுவில் இரண்டும் ஒன்றுக்கொன்று துணை நிற்கும்.

படி 6: அளவும் விடும் முறையும்

பொதுவான அளவு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 25 இளம்புழு. ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 100 கோடி. கரும்பில் முழு நிலத்திலும் தெளிப்பது வீண். மூன்றடிப் பாரில் வேர் ஓடும் ஓரடிப் பட்டையில் மட்டும் விட்டால் மூன்றில் ஒரு பங்கு நிலம்தான் வரும். அதற்காக அளவைக் குறைக்கலாமா? நான் குறைக்க மாட்டேன். நம் ஊர் வேர்ப்புழு கடினமான எதிரி, அந்த 100 கோடியையும் பட்டையிலேயே விட்டுவிடுங்கள். பணம் பற்றவில்லை என்றால் ஏக்கரை மெலிதாகத் தெளிப்பதைவிட, போன வருடம் மஞ்சளடித்த திட்டுகளை மட்டும் முழு அளவில் செய்யுங்கள்.

மாலை ஐந்து மணிக்கு மேல், வெயில் சாய்ந்த பிறகுதான் கரைக்கத் தொடங்க வேண்டும். மேகமூட்டமான நாள் கிடைத்தால் பாக்கியம்.

கரைக்கும் தண்ணீர் கையைவிட்டுப் பார்த்தால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். பகல் முழுக்க வெயிலில் நின்ற பிளாஸ்டிக் தொட்டித் தண்ணீர் ஆகாது, கிணற்றிலிருந்து புதிதாக இறைத்துக்கொள்ளுங்கள். பழைய மருந்து வாடையுள்ள டிரம்மைச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவுங்கள். ஏக்கருக்கு 400 லிட்டர் போதும். கலவையை ஒருவர் துடுப்பால் விடாமல் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும், நூற்புழு அடியில் படிந்துவிடும், அங்கே மூச்சும் முட்டும். கரைத்ததை ஒரு மணி நேரத்துக்குள் ஊற்றி முடிக்கும் அளவில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையுங்கள்.

கைத்தெளிப்பான் என்றால் முனையையும் உள்ளே இருக்கும் மெல்லிய வலையையும் கழற்றிவிட்டுத் தூரில் ஊற்றுங்கள். பூவாளியும் சரிதான். சொட்டுநீரில் விடுவதானால் வடிகட்டிக்குப் பின்னால் செலுத்தி, முன்னும் பின்னும் வெறும் தண்ணீர் ஓட விடுங்கள். சோகை இருக்கும் இடத்தில் அதை ஒதுக்கி, மண்ணில் ஊற்றி, உடனே மூடுங்கள்.

ஏக்கருக்கு 400 லிட்டர் என்பது நிலத்தின் மேல் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். அது நூற்புழுவை வேருக்கு இறக்காது. அதனால் ஊற்றிய அன்று இரவே மெல்லிய மடை ஒன்று பாய்ச்ச வேண்டும். காலையில் பாய்ச்சலாம் என்று விட்டால் வெயில் முந்திக்கொள்ளும். அப்புறம் இரண்டு வாரத்துக்கு மேல்மண் முழுக்கக் காய விடாதீர்கள்.

மழையும் மடையும் நம்ப முடியாத இடத்தில்

மானாவாரித் தென்னை, பாக்கு, மலைத்தோட்டம் இவற்றுக்கு இன்னொரு வழி இருக்கிறது. நூற்புழு தொற்றிச் செத்த மெழுகுப்புழுவை அப்படியே மண்ணில் புதைப்பது. தேன்கூட்டைக் குடையும் அந்துப்பூச்சியின் புழுதான் மெழுகுப்புழு, ஆய்வகங்களில் இதை வளர்த்துத்தான் நூற்புழுவைப் பெருக்குகிறார்கள். செத்த உடலின் தோல் ஒரு காப்புறை மாதிரி. உள்ளே ஈரம் நிற்கும், வெயில் படாது, இளம்புழுக்கள் பக்குவமானதும் தாமாகவே வெளியே வரும். ஒரு மெழுகுப்புழுவிலிருந்து ஒன்று முதல் மூன்று லட்சம் வரை கிடைக்கும்.

தொற்றிய ஐந்தாறு நாளில், இளம்புழு வெளிவரும் முன்பு, களிமண் தூளில் உருட்டி, மரத்தடி வட்டப்பாத்தியில் நான்கைந்து இடத்தில் இரண்டங்குல ஆழத்தில் புதைத்து மூடாக்குப் போடுங்கள். எறும்பு தின்றுவிடாதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஹெட்டிரோராப்டைடிஸ் சுமக்கும் பாக்டீரியா எறும்பை விரட்டும் பொருள் ஒன்றைச் சுரக்கிறது. முழுக் காவல் என்று சொல்ல முடியாது, ஆனாலும் பல உடல்கள் தப்பிவிடும். ஏக்கர் கரும்புக்கு ஐயாயிரம் புழு வேண்டியிருக்கும், அது நடக்காத காரியம். மரப்பயிருக்குத்தான் இது.

மக்காச்சோளப் படைப்புழுவுக்கு

இதே நூற்புழுவை மக்காச்சோளத்தில் படைப்புழுவுக்கும் விடலாம். இலையில் தெளித்தால் வெயிலில் நிலைக்காது. குருத்துக்குள் ஊற்றினால் அங்கே நிழலும் ஈரமும் உண்டு, புழுவும் அங்கேதான் இருக்கிறது. அந்தி நேரத்தில் குருத்துக்குள் மட்டும் விடுங்கள். கலவையில் கொஞ்சம் கிளிசரின் சேர்த்தால் காய்வது தாமதமாகும்.

படி 7: வேலை செய்ததா என்று தோண்டிப் பார்ப்பது

இரண்டு வாரம் கழித்து, விட்ட இடத்தில் பத்துத் தூர், விடாத இடத்தில் பத்துத் தூர் தோண்டி எண்ணுங்கள். விடாத இடம் ஒன்றை வேண்டுமென்றே வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மழையால் செத்ததா நூற்புழுவால் செத்ததா என்று தெரியாது. மெழுகுப்புழு கிடைத்தால் கம்பிவலைச் சிமிழில் ஐந்து புழுவைப் போட்டு அரையடி ஆழத்தில் புதைத்து, ஒரு வாரம் கழித்து எடுத்துப் பார்ப்பது இன்னும் தெளிவான சோதனை.

ஹெட்டிரோராப்டைடிஸ் கொன்ற புழு செங்கல் நிறத்தில் சிவந்து, தொளதொளவென்று இருக்கும், அழுகல் நாற்றம் வராது. கறுத்து நாறினால் அது வேறு நோயால் செத்தது. சிவந்த புழுவை நல்ல இருட்டறையில் வைத்து, கண் இருட்டுக்குப் பழகும் வரை பத்து நிமிடம் காத்திருங்கள். மங்கலாக ஒளிர்வது தெரியும். அந்த பாக்டீரியாவுக்கு ஒளிரும் குணம் உண்டு. முதல் முறை அதைப் பார்த்த இரவு எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அந்தச் சிவந்த புழுவில் இரண்டு மூன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வகத்தில் சொகுசாகத் தலைமுறை தலைமுறையாக வளர்ந்த நூற்புழு, சூட்டைத் தாங்கும் குணத்தை மெல்ல இழந்துவிடும். உங்கள் தோட்டத்து வெயிலில் பிழைத்து உங்கள் வேர்ப்புழுவையே கொன்றது, வாங்கி வருவதைவிட உங்கள் மண்ணுக்குப் பொருத்தமானது. ஒரு கிண்ணத்தில் விரல் கனத்துக்குத் தண்ணீர், அதன் நடுவே கவிழ்த்த சிறு மூடி, மூடியின் மேல் தண்ணீரைத் தொடும்படி வடிதாள், அதன் மேல் செத்த புழு. மேலே துணி கட்டி நிழலில் வைத்தால் பத்து நாள் வாக்கில் தண்ணீர் பால் போலக் கலங்கத் தொடங்கும். பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்தில் மெழுகுப்புழு வளர்க்கிறார்கள் என்றால், அந்தத் தண்ணீரை அகலமான பாத்திரத்தில் மெல்லிய படிவாக ஊற்றி எடுத்துக்கொண்டு, வெயிலுக்கு முன்னே போய்க் கொடுத்து, அடுத்த கோடை மழைக்குள் பெருக்கித் தரக் கேளுங்கள்.